பட்டுவாடா ஜன்னல்

பல்கலைக்கழகத்தின் காசாளர் தினமும் காலையில் தம் அறைக்கு ஏறும்போது, இரவில் புதிதாகப் படி ஏதும் முளைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஏறுவார். முளைத்திருந்தால் காலால் ஒரு தட்டுத் தட்டி, உறுதியாக இருக்கிறது என்று தெரிந்தபின் வேலையைத் தொடங்குவார். எந்தக் கொத்தனும் தொடாமல் பட்டுவாடா ஜன்னல் சுவரில் தானாகவே ஏறிக்கொண்டிருந்தது. அறையும் அதனோடு ஏறியதால் படிகளும் வேண்டியிருந்தன.

அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஜன்னல் நெஞ்சுயரத்தில் இருந்தது. துறைத்தலைவர் வாயால் ஒரு சொல் சொன்னால் இரும்புப் பெட்டியிலிருந்து பணம் வந்துவிடும். கணக்கு மாலையில் எழுதப்படும். சிலர் அந்தப் பெட்டியைத் தங்கள் சட்டைப்பையாக நினைத்ததால் தணிக்கைப் பிரிவு பிறந்தது. ஜன்னல் தலைக்கு மேலே போயிற்று. தணிக்கையைச் சரிபார்க்க முன்தணிக்கையும், இரண்டையும் கண்காணிக்க நிதிக்குழுவும் வந்தபோது அது இரண்டாம் மாடியைத் தொட்டது. கணினி வந்தால் இறங்கிவிடும் என்றார்கள். கணினி வந்தது, ஜன்னல் நான்காம் மாடிக்குப் போயிற்று. இயற்பியல் துறையினர் ஓர் ஏணி வாங்கிச் சாத்தினார்கள். ஏணிச் செலவுக்கு எந்தக் கணக்குத் தலைப்பிலும் இடமில்லை என்று அந்தப் பில் மேலேயிருந்து பறந்துவந்து அவர்கள் காலடியிலேயே விழுந்தது. ‘சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இறங்கி வரணுமே’ என்று வரிசையில் நின்றவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

காசாளர் எழுதிய ஒவ்வோர் ஆட்சேபணைக்கும் ஜன்னல் கொஞ்சம் ஏறியது. அவரும் ஏறி நிதி அலுவலரானார். கை சுத்தமானவர் என்று பெயர். அந்தப் பெயரை அவர் கஞ்சி போட்ட சட்டையைப் போலக் கசங்காமல் காத்தார்.

அவருடைய தங்கையின் கணவர் உயிரியல் ஆய்வகத்தில் உதவியாளர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எலிக்கூண்டுகளில் தீனி வைக்கப் போனவர் மின்சாரம் தாக்கி அங்கேயே இறந்தார். பணியில் இறந்தவர் குடும்பத்துக்குரிய இழப்பீட்டைக் கேட்டுத் தங்கை விண்ணப்பித்தாள். விடுமுறை நாளில் இறந்தவர் பணியில் இறந்தவராகார் என்று அண்ணன் தம் கையாலேயே எழுதினார். எலிக்கு ஞாயிறு தெரியுமா என்று அவள் கேட்டபோது சிரித்தார். வேறொருவர் விண்ணப்பமாக இருந்தால் கையெழுத்திட்டிருப்பார். தங்கைக்குச் சலுகை காட்டினார் என்று ஒரு பேச்சு வந்துவிடக்கூடாதே என்பதுதான் அவருடைய கவலை.

தங்கை மாதந்தோறும் வந்து ஜன்னலுக்குக் கீழே அண்ணாந்து நின்றாள். ஆண்டுகள் போயின. அவள் மகளுக்கு அதே பல்கலைக்கழகத்தில் கிடைத்த இடம், கட்டணம் கட்டாததால் இன்னொருவருக்குப் போயிற்று. பெண் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். தங்கையின் கழுத்து அண்ணாந்தபடியே நின்றுவிட்டது. மருத்துவர் அதை நிதிப்பிரிவுக் கழுத்து என்றார். வளாகத்தில் பலருக்கும் அது இருந்ததால் மருந்து எழுதவில்லை.

ஓய்வு பெறும் நாளுக்கென்று ஒரு சட்டை எடுக்க நிதி அலுவலர் கடைக்குப் போனார். பிரித்துக் காட்டியவள் தங்கை மகள்.

“வெள்ளை உங்களுக்கு நல்லா எடுக்கும், சார்.”

மாமா என்று அவள் கூப்பிடவில்லை. அவர் சட்டை வாங்காமல் திரும்பினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தைத் திறந்து, தம் ஆட்சேபணை தவறென்றும், அதை எழுதவைத்தது நேர்மையன்று, பெயராசை என்றும் கோப்பிலேயே எழுதிக் கையெழுத்திட்டார். மை உலர்வதற்குள் ஜன்னல் நான்கு மாடியும் இறங்கி நெஞ்சுயரத்தில் வந்து நின்றது. ஆளனுப்பித் தங்கையை வரவழைத்துக் காசோலையை நீட்டினார். அவள் அவர் முகத்துக்கு மேலிருந்த சுவரைப் பார்த்தபடியே வாங்கிக்கொண்டாள்.

“எழுதினதை அடிச்சுட்டேம்மா.”

“எழுதினதை அடிக்கலாம் அண்ணே. அன்னைக்குச் சிரிச்சியே, அதை எங்க போய் அடிப்ப?”



திங்கட்கிழமை காலை ஜன்னல் பழையபடி நான்காம் மாடியில் இருந்தது. வரிசை கீழே அண்ணாந்து நின்றது. யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. ஓய்வு பெற்றவர் இப்போது விடுமுறை நாள்களில் ஆய்வகத்துக்குப் போய், சம்பளமில்லாமல் எலிகளுக்குத் தீனி வைக்கிறார். தங்கைக்கு அது தெரியும்.