மெட்ராஸ் மணி

வெள்ளைத் தட்டில் இரண்டு கறுப்பு முள், அந்த ஸ்டேஷன் சுவர்க் கடிகாரத்தில் அவை நகரவே மாட்டேன் என்கின்றன, முந்தானையைக் கடித்துக்கொண்டு பார்த்தபடி நிற்கிறேன், பக்கத்தில் என் புருஷன் மாரப்பன், தேயிலைச் செடிகளுக்குள் குனிந்தே ஓடி வந்ததில் மூச்சு இரைக்கிறது அவருக்கு, ரயில் போயிருக்குமோ புள்ள என்கிறார், போயிருக்காதுங்க, தோட்டத்துல இன்னும் மூணு அடிக்கலையே என்கிறேன், ரயில் மூன்று மணிக்கென்று சந்தையில் விசாரித்து வைத்திருந்தோம், தோட்டத்தில் தலை எண்ணுவதும் மூன்றுக்குத்தான், நாங்கள் இல்லையென்று தெரிவதற்குள் ரயிலேறிவிடலாம், இரண்டு மாதமாக அடுப்புப் புகைக்குள் குசுகுசுவென்று பேசி முடித்த திட்டம். ஆத்தூரில் தங்கை வீட்டில் விட்டு வந்த என் மகள் பூவாயிக்கு நான்கு வயது, ஒரு வருசத்துல வந்துர்றேன் சாமி என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினேன், கைநாட்டு வைத்த காகிதத்தில் ஐந்து வருடம் என்று இருந்ததும், நடுவில் ஓடினால் ஜெயில் என்பதும் அசாமில் வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

ஜன்னலுக்குள் தந்தி தட்டிக்கொண்டிருந்தவர் எங்கள் தமிழைக் கேட்டு நிமிர்ந்தார், நம்ம பக்கமா நீங்க, எதுக்கு இவ்வளவு சீக்கிரம் வந்தீங்க, இப்ப ரெண்டுதானே ஆகுது என்றார், எனக்குச் சிரிப்பு வந்தது, உங்க கடியாரம் கெட்டுப்போச்சுங்க, தோட்டத்துல மூணு அடிக்கப் போவுது என்றேன், அவர் முகம் மாறியது. அது தோட்டத்து மணிம்மா, வெளிச்சம் வீணாகக் கூடாதுன்னு தொரை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சிருக்கான், ரயிலுக்கு எங்க போனாலும் மெட்ராஸ் மணிதான், நம்மூரு மணி. தேயிலைக்காக முளைத்த ஊர் அது, எழுவதும் தின்பதும் தோட்டத்து மணிக்குத்தான், வேறொரு மணி உண்டென்று எங்களுக்கு யார் சொன்னார்கள், ஆனாலும் நம்மூரு மணி என்றதும், வெட்கக்கேடு, ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது, பூவாயி இருக்கிற நேரத்தில் நானும் நிற்கிறேனே என்று. சரக்குக் கொட்டகையில் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்தோம், ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம், தோட்டத்தில் அதற்குள் தலை எண்ணிவிட்டார்கள், குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது, தோட்டத்துக் காவல்காரர்கள் மாரப்பனைக் குடுமியைப் பிடித்து இழுத்துப் போனார்கள், என்னையும்தான், பாதி வழியில் பின்னால் ரயில் ஊதியது.

மாரப்பன் அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை, காய்ச்சல் என்று எழுதினார்கள், சவுக்கு கிழித்த அவர் முதுகைப் பற்றி யாரும் எழுதவில்லை, ஐந்து வருடம் இன்னொரு ஐந்தாகி, பிறகு எண்ணுவதையே விட்டுவிட்டேன், பூவாயி பேரன் பேத்தி எடுத்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம், எனக்குத் தெரியாது. தோட்டத்தில் மூன்று அடிக்கும்போதெல்லாம் அந்தச் சுவர் வந்துவிடுகிறது, அந்த வெள்ளைத் தட்டு, அங்கே இரண்டுதான் ஆகிறது, ரயில் வர இன்னும் நேரமிருக்கிறது, மாரப்பனுக்கு மூச்சு இரைக்கிறது, பூவாயிக்கு நான்கு வயது, நகராதே என்று கடிகாரத்தைக் கெஞ்சுகிறேன், நகராதே சாமி, அப்படியே நில்லு.