கிணற்றுப் புத்தகத்தின் முதுகு

ஸ்கேனர் அக்காவுக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, துணி பேசும். உலர்ந்த துணி ஒன்றை எடுத்து மேஜையைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். அன்று காலை அந்த மேஜை பட்ட பாடு சொல்லி மாளாது. காரணம், மேஜை மேல் கிடந்த மெமோ. அரிய நூல் ஒன்றின் முதுகைக் கவனக்குறைவாக முறித்ததற்காக உங்களை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி புத்தகத்தைத் தொடுகிறவள் அவள். அவளைப் பார்த்துக் கவனக்குறைவாம்!

அவளுடைய வேலை நூலகத்தின் அடித்தளத்தில், ஏசி இரைந்துகொண்டே இருக்கும் ஓர் அறையில். பழைய புத்தகங்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டு வந்து, முகப்பு, அதன் பின்பக்கம், முன்னுரை, பொருளடக்கம், கடைசிப் பக்கம் என்று படம் எடுத்து அனுப்ப வேண்டும். கடல் தாண்டி எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மா அந்தப் படங்களைப் பார்த்து, நூல் பட்டியலில் குறிப்பு எழுதுவார். யார் எழுதியது, எங்கே அச்சானது, எத்தனை பக்கம், இந்தப் பிரதி எந்த நிலையில் இருக்கிறது, எல்லாம் அவர் கையால்தான் ஏறும். நூலகத்தில் யாரும் அவரை நேரில் பார்த்ததில்லை. தூரத்து மேடம் என்றுதான் பேர்.

பழைய புத்தகத்தை முழுசாக விரிக்கக் கூடாது. முதுகில் இருக்கும் பசை காய்ந்து பொரியாகிப் போயிருக்கும். அதனால் மரத்தில் செய்த தொட்டில் மாதிரி ஒன்றில் பாதி திறந்தபடி சாய்த்து வைத்து, பக்கத்தின் ஓரத்தை இடது கட்டைவிரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு படம் எடுப்பாள் அக்கா. விரலும் படத்தில் விழும். நூலகத்துத் திரைக்கு வரும்போது கம்ப்யூட்டரே அந்த விரலை அழித்துவிடும். ஆனால் தூரத்து மேடத்துக்குப் போவது அழிக்காத படம். ஒருமுறை அவரே படத்துக்குக் கீழே இருக்கும் குறிப்புப் பெட்டியில், "விரல்ல என்ன பிளாஸ்திரி? பாத்து வேலை செய்யுங்கம்மா" என்று எழுதியிருந்தார். அன்று முழுக்க அக்காவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

உறுதியான புதுப் புத்தகங்களுக்கு வேறு வழி உண்டு. மேஜையில் மட்டமாக விரித்துப் போட்டு, மேலே கனமான கண்ணாடியை இறக்கி அழுத்திவிட்டால் பக்கம் அசையாது, மளமளவென்று வேலை முடியும். தாங்காத புத்தகம் எதுவோ அதில் சிவப்பு நாடா கட்டி வைப்பாள். சிவப்பு நாடாவைக் கண்டால் கண்ணாடி பக்கமே போகக் கூடாது. நூலகத்தில் துடைப்பம் பிடிக்கிறவருக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது.

துணைத் தலைவருக்கு மட்டும் தெரியாது. தெரியாது என்ன தெரியாது, தெரிந்தும் அலட்சியம். அவருக்கு 'அவசரம்' என்று பேர் வைத்திருந்தார்கள். காலை வணக்கம் சொன்னால்கூட "அவசரம்மா, அவசரம்" என்பார். கிணறு வெட்டுவதைப் பற்றிய ஒரு தடிப் புத்தகம் வந்திருந்தது. மண்ணின் நிறம், பாறையின் சத்தம், ஊற்றுக் கண் என்று பக்கம் பக்கமாகப் படம் வரைந்து அச்சடித்த புத்தகம். இன்னொரு பிரதி எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. அக்கா அதற்குச் சிவப்பு நாடா கட்டி, தொட்டிலில் வைத்து முகப்பை மட்டும் எடுத்திருந்தாள். அப்போதுதான் மாமனாரின் கண் ஆபரேஷனை முன்கூட்டியே வைத்துக்கொள்வதாக ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

"போயிட்டு வாங்க, வீட்டு விஷயம்தான் முக்கியம். இங்க நான் பாத்துக்கறேன்" என்றார் அவசரம். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டே கிளம்பினாள் பாவி மகள். பதற்றத்தில் கம்ப்யூட்டரிலிருந்து தன் பேரை வெளியேற்ற மறந்துபோனாள்.

நல்ல மனிதர் பார்த்துக்கொண்ட லட்சணம் மறுநாள் தெரிந்தது. கிணற்றுப் புத்தகம் இரண்டு துண்டாகக் கிடந்தது. பைண்டிங் பார்க்கிறவர் அதைத் தட்டில் ஏந்திக்கொண்டு வந்து, "யாருக்கும்மா இப்படி மனசு வந்துச்சு?" என்று கேட்டார். நாடா அவிழ்த்துச் சுருட்டி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. அவிழ்த்தவருக்கு அது என்ன நாடா என்று தெரியாமலா இருக்கும்?

விசாரணை, ஊழியர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்த பெரிய கூடத்தில் நடந்தது. தனியறையில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தலைவர் நடுவில், அவசரம் பக்கத்தில்.

"கம்ப்யூட்டர்ல உங்க பேருதாம்மா இருக்கு" என்றார் தலைவர்.

"நான் மத்தியானமே கிளம்பிட்டேன் சார். இவர்தான் போகச் சொன்னாரு."

அவசரம் முகத்தில் ஒரு சலனம் இல்லை. "வாசல்ல பாத்தேன், நலம் விசாரிச்சேன். எப்ப கிளம்பினாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? வேலையை முடிச்சுட்டுத்தான் போறாங்கன்னு நெனச்சேன்."

அக்காவுக்கு உச்சந்தலை வரை ஏறியது. எப்படிப் பேசுகிறது பார் நாக்கு, நரம்பே இல்லாமல்! "படத்தைப் போட்டுப் பாருங்க சார். அழுத்தின கை யாரோடதுன்னு அதுலயே தெரியும்" என்றாள்.

போட்டார்கள். நூலகத்துத் திரையில் வருவதுதான் கம்ப்யூட்டர் அழித்த படமாயிற்றே. கோபத்தில் அது அவளுக்கே மறந்துபோயிருந்தது. வெள்ளை வெளேரென்று பக்கம் மட்டும் இருந்தது. அழிக்காத படம் வேண்டுமென்றால் துணைத் தலைவர் வழியாகத்தான் மனுக் கொடுக்க வேண்டுமாம். திருடனிடமே சாவியைக் கேட்டு வாங்கி வரச் சொல்கிற இடம் இதைத் தவிர வேறு எங்காவது உண்டா? கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள்கூடச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் கணவர், எலக்ட்ரீஷியன், வயரைச் சுருட்டிக்கொண்டே சமாதானம் சொன்னார். "தெரியாம நடந்துடுச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு வேலையைக் காப்பாத்திக்கோ. பெரிய இடத்தோட நமக்கு எதுக்கு மல்லுக்கட்டு?"

"செய்யாததுக்கு நான் எதுக்குங்க கையெழுத்துப் போடணும்? இன்னிக்குப் போட்டா, நாளைக்கு அந்த ரூமுல எந்தப் புத்தகம் கிழிஞ்சாலும் என் தலையிலதான் விடியும். 'அவதான? ஏற்கெனவே ஒண்ண ஒடச்சவ'ம்பாங்க. வேலை போனா வேற வேலை தேடலாம். புத்தகத்த ஒடச்சவங்கற பேரோட நான் எந்த லைப்ரரி வாசப்படி ஏறுவேன்?"

கண்ணில் கட்டோடு படுத்திருந்த மாமனார் குரல் கொடுத்தார். "எனக்கு ஒத்தக் கண்ணுலயே தெரியுது உம்மேல தப்பில்லைன்னு. அங்க ரெண்டு கண்ணும் நல்லா இருக்கிற பயலுகளுக்குத் தெரியலையாக்கும்!"

அக்கா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

மறுநாள் அடித்தளத்துக்கு இறங்கியதும் முதல் வேலையாகக் கிணற்றுப் புத்தகத்தின் படத்தைத் திறந்து, கீழே குறிப்புப் பெட்டியில் எழுதினாள். 'மேடம், முகப்பு மட்டும்தான் நான் எடுத்தது. மற்ற படங்களில் கை ஏதும் தெரிகிறதா? புத்தகத்தின் முதுகு முறிந்துவிட்டது. பழி என்மேல்.' பெட்டியில் எழுதுவதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. பக்கம் கிழிந்திருந்தால் சொல்வதற்காக வைத்த பெட்டி அது.

பதில் பெட்டியில் வரவில்லை. தலைவரின் அறைக்கே போன் அழைப்பாக வந்துவிட்டது. தூரத்து மேடம் போன் செய்து, படங்களையும் அனுப்பியிருந்தார். அக்காவைக் கூப்பிட்டபோது அவர் குரல் ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தம்மா கட்டைவிரலை நான் தினமும் பாக்கறேன் சார். என் பொண்ணு விரல்கூட எனக்கு இவ்வளவு பழக்கமில்லை. பக்கத்தோட ஓரத்துக்கு வலிக்குமோங்கற மாதிரி தொடுவாங்க. இதுல பாருங்க, முகப்புப் படத்துல இருந்த சிவப்பு நாடாவைக் காணோம், கண்ணாடி மேல முழு உள்ளங்கை. எக்கி நின்னு பலத்தையெல்லாம் போட்டு அழுத்தியிருக்கு. சட்டைக் கையில பித்தான், மணிக்கட்டுல தங்கச் சங்கிலி வாட்ச். யாருன்னு உங்களுக்கே தெரியும்."

அவசரம் அங்கேதான் நின்றிருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். திரையில் தெரியாத கை எங்குமே தெரியாது என்று நம்பியிருந்தார் மனிதர். படம் தன்னிடம் வருவதற்கு முன்பே இன்னொருவர் கண்ணில் படுகிறது என்பதை மறந்துவிட்டார்.

"எங்க துணைத் தலைவர்தாம்மா" என்று முனகிவிட்டுத் தலைவர் போனை வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிம்மா. மெமோவை வாபஸ் வாங்கிக்கறோம். இதோட விட்டுடலாம், பெரிசாக்க வேண்டாம்" என்றார்.

"கூடத்துல எல்லார் முன்னாடியும் என்னைக் கேட்டீங்களே சார்? அதே கூடத்துல, நான் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"அதெல்லாம் எதுக்கும்மா? ஆபீஸ் மானம் போயிடும்."

அவளுடைய மானம் போனபோது மட்டும் ஆபீஸ் பலகாரம் வாங்கிக் கொடுத்ததோ? மேஜை துடைக்கிற துணியைத் தேடிக்கொண்டு படியிறங்கினாள். சாயங்காலம் சுற்றறிக்கை வந்தது. இனிமேல் ஸ்கேன் செய்கிறவர்கள் எல்லோரும் வெள்ளைக் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும், புத்தகங்களின் பாதுகாப்பு கருதி. கீழே அவசரத்தின் கையெழுத்து. கையுறை போட்டால் காகிதத்தின் மெல்லிசு விரலுக்குத் தெரியாது, சருகான பக்கம் பட்டென்று கிழியும். அதைப் பற்றி அவருக்கென்ன கவலை? எல்லாக் கையும் ஒரே கையாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதானே!

அக்கா கையுறைப் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. வெறும் கையோடு அடுத்த புத்தகத்தைத் தொட்டிலில் வைத்தாள்.

கொஞ்ச நாளில் கிணற்றுப் புத்தகத்தின் குறிப்பு பட்டியலில் ஏறியது. உலகத்தில் யார் எங்கிருந்து தேடினாலும் கண்ணில் படும் பட்டியல் அது. நூலின் பேர், அச்சகம், பக்கம் எல்லாம் எழுதி, பிரதியின் நிலை என்ற இடத்தில் தூரத்து மேடம் இப்படி எழுதியிருந்தார்: 'முதுகு முறிந்துள்ளது. சிவப்பு நாடாவை அவிழ்த்து, கண்ணாடி வைத்து அழுத்தியதால் நேர்ந்தது. அழுத்தியவர் நூலகத்தின் துணைத் தலைவர். ஸ்கேன் செய்யும் பணியாளர் அல்லர்.'

தலைவரே அடித்தளத்துக்கு ஓடி வந்தார். அந்தப் படியில் அவர் இறங்கியதை அதுவரை யாரும் கண்டதில்லை. பின்னாலேயே அவசரம், முகம் வெளிறிப் போய்.

"அந்தக் கடைசி வரிகளை எடுத்துடச் சொல்லும்மா" என்றார் தலைவர். "நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க. பிரதி எப்படி இருக்கோ, எதனால அப்படி ஆச்சோ, அதைத்தான் எழுதுவேன்னு சொல்றாங்க. நீ சொன்னா கேப்பாங்க."

பைண்டிங் பார்க்கிறவரின் தட்டு பக்கத்து மேஜையில்தான் இருந்தது. அக்கா அதை எடுத்து, இரண்டு துண்டாகக் கிடந்த கிணற்றுப் புத்தகத்தை அவசரத்தின் முன்னால் வைத்தாள்.

"முன்ன இருந்த மாதிரி ஒட்டிக் குடுங்க சார்" என்றாள். "நானே மேடத்துக்குச் சொல்றேன்."