அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்

"இதுல இருக்கறது என் பேருதானா?" என்று க்ளிஃப் மூன்றாவது முறையாகக் கேட்டான்.

"உன் பேருதான். க்ளிஃபர்ட் என்ட்விசில். அந்தப் பேருல நம்ம தெருவுல இன்னொரு ஆளு இருந்தா சொல்லு, அவன் வீட்டு வாசல்ல கொண்டு போய்ப் போட்டுட்டு வந்துடறேன்."

டோரீன் சொன்னதில் வேடிக்கை இருந்தது, குரலில் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை காலைத் தபாலில், வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகையான டோல் காசோலை வரும். அது வந்ததும் அவள் அஞ்சலகத்தில் மாற்றிக்கொண்டு நேரே கடைக்குப் போவாள். அன்றும் கோட்டும் தலைக்குட்டையுமாகத் தயாராக நின்றிருந்தாள். காசோலைக்குப் பதிலாக ஒரு பழுப்பு உறை வந்து விழுந்தது.

கடிதம் சுருக்கமாக இருந்தது. ஜூலை 23, சனிக்கிழமையன்று கால்டர்ஷா கிரிக்கெட் கிளப்பில் ஊதியம் பெறும் ஆட்டக்காரராகப் பணியாற்றியதைத் தாங்கள் தெரிவிக்கவில்லை. ஆகவே விசாரணை முடியும்வரை தங்கள் உதவித்தொகை நிறுத்திவைக்கப்படுகிறது. ஆதாரமாக ஊர் வாரப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை நகலெடுத்து இணைத்திருந்தார்கள். ஆட்டக்காரர் பட்டியலில் ஆறாவது வரிக்குக் கீழே சிவப்புப் பென்சில் கோடு. சி. என்ட்விசில் (புரோ), நான்கு ரன்.

க்ளிஃப் முதலில் சிரித்தான். "நாலு ரன்! நாலு ரன்னுக்கு எவன் காசு குடுப்பான்? நான் ஆடின ஆட்டத்துக்கு, பாக்க வந்தவங்களுக்குத்தான் காசைத் திருப்பிக் குடுத்திருக்கணும்."

பிறகு கடிதத்தை இன்னொரு முறை படித்தான். அதன்பின் சிரிக்கவில்லை.

நடந்தது இதுதான். அந்த லீக்கில் ஒவ்வொரு அணியிலும் பத்துப் பேர் ஆசைக்கு ஆடுகிறவர்கள்; ஒருவர் மட்டும் சம்பளத்துக்கு ஆடுகிறவர். அவரைத்தான் புரோ என்பார்கள். கால்டர்ஷாவின் புரோ ஒரு பார்படோஸ்காரர். வியாழக்கிழமைப் பயிற்சியில் தொடைத் தசை பிடித்துப் படுத்துவிட்டார். புரோ இல்லாமல் அணி இறங்கினால் லீக் இரண்டு புள்ளிகளை வெட்டிவிடும். கிளப்பின் செயலாளர் ஹெரால்ட் கிரிம்ஷா வெள்ளிக்கிழமை முழுக்கத் தொலைபேசியில் ஊர் ஊராகத் தேடியும் மாற்றுப் புரோ ஒருவரும் கிடைக்கவில்லை. சனிக்கிழமை காலையில் ஆடுகளத்துக்கு உருளை இழுத்துவிட்டு வியர்வையோடு நின்ற க்ளிஃபிடம், "வெள்ளை பேன்ட் வீட்டுல இருக்கா?" என்று கேட்டார். ஐம்பத்திரண்டு வயது, முதல் அணிக்கு ஆடி ஆறு வருஷம் ஆகியிருந்தது. க்ளிஃப் பேன்ட்டைத் தேடி ஓடினான். பட்டியலில் அவன் பெயருக்குப் பக்கத்தில் கிரிம்ஷா அந்த ஒரு சொல்லை அடைப்புக்குறிக்குள் எழுதினார். பத்திரிகை அதை அப்படியே அச்சிட்டது. காசு என்று ஒரு பென்னிகூடக் கைமாறவில்லை.

டோல் அலுவலகத்துக்கு இருவருமாகப் போனார்கள். கவுண்டரில் ப்ரையன் ஹிந்தில் இருந்ததைப் பார்த்து டோரீனுக்கு மூச்சு வந்தது. குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு இரண்டாவது சனிக்கிழமையும் கால்பந்து மைதானத்தில், கோல்கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் படிகளில், க்ளிஃபுக்கு இடதுபக்கம் நிற்கிறவன் ப்ரையன். மழையில் ஒரே குடைக்குள் நின்று ஒரே நடுவரைத் திட்டியவர்கள்.

"வாங்க, மிஸ்டர் என்ட்விசில்," என்றான் ப்ரையன்.

அந்த 'வாங்க' டோரீனுக்குப் புதிது. பதினைந்து வருஷமாக 'வாடா க்ளிஃப்' என்று கூப்பிட்ட வாய்.

"ப்ரையன், இது சும்மா ஒரு பேச்சுக்குப் போட்டது," என்று க்ளிஃப் தொடங்கினான். "எங்க புரோவுக்கு அடி பட்டுடுச்சு. புள்ளி போயிடுமேன்னு ஹெரால்ட் என் பேருக்குப் பக்கத்துல எழுதிட்டாரு. அவ்வளவுதான்."

"எனக்கு கிரிக்கெட் தெரியாதுங்க. அஞ்சு நாள் ஆடிட்டு யாரும் ஜெயிக்கலன்னு கைகுலுக்கிட்டுப் போற ஆட்டம் எனக்கு எப்பவுமே புரிஞ்சதில்ல. கால்பந்துல புரோன்னா புரோ. சம்பளம் வாங்கறவன். அதுல பாதி புரோ, பேச்சுக்கு புரோன்னு கிடையாது."

"நான் வாங்கலையே!"

"வாங்கலன்னு காட்டுங்க. கிளப்புல இருந்து ஒரு கடுதாசி. இவரு புரோ இல்ல, காசு குடுக்கல, அப்படின்னு செயலாளர் கையெழுத்தோட. ரெண்டே வரி போதும்."

"வாங்கினா ரசீது இருக்கும்," என்றாள் டோரீன். "வாங்காததுக்கு எங்கே போய் ரசீது வாங்கறது, ப்ரையன்?"

"அதான் சொல்றேனே, மிசஸ் என்ட்விசில். கடுதாசி." பிறகு கண்ணாடித் தடுப்புக்குப் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தி, "க்ளிஃப், இந்த சீசன் புது சென்டர் ஃபார்வர்டு வாங்கியிருக்காங்க, தெரியுமா? ஆறடி மூணு அங்குலம். இருபத்தேழாம் தேதி முதல் ஆட்டம். வந்துடுவேல்ல?" என்றான்.

க்ளிஃப் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தான். நுழைவுச்சீட்டுக்குக் காசு எங்கிருந்து வரும் என்று ப்ரையனுக்குத் தெரியாதா? அந்தக் கவுண்டரில் உட்கார்ந்து அதை நிறுத்திவைத்தவனே அவன்தானே.

கிரிம்ஷா வாரநாட்களில் கசாப்புக் கடைக்காரர். சனிக்கிழமைகளில் கிளப்பே அவர்தான். அந்த வாரச் சனிக்கிழமை டோரீன் பெவிலியன் சமையலறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். இரண்டு அணிகளுக்கும் நடுவர்களுக்கும் ஸ்கோர் எழுதும் இருவருக்கும் சேர்த்து இருபத்தாறு பேருக்கு ஹாம் சாண்ட்விச், முட்டை சாண்ட்விச், பழக் கேக், பெரிய கெண்டியில் டீ. பத்தொன்பது கோடையாக அவள் செய்கிற காரியம். செயற்குழு அறைக்குள் பெண்கள் போகக்கூடாது என்பது வழக்கம். அதனால் கிரிம்ஷா கேக் எடுக்க வந்தபோது சமையலறையிலேயே பிடித்துக்கொண்டாள்.

அவர் கேட்டுக்கொண்டார். கேக்கை மென்று விழுங்கினார்.

"டோரீன் கண்ணு, உனக்குத் தெரியாதது இல்ல. நாம முதல் இடத்துல இருக்கோம். இன்னும் நாலு ஆட்டம். முப்பத்தொரு வருஷத்துல முதல் தடவை. க்ளிஃப் புரோ இல்லன்னு நானே என் கையால எழுதிக் குடுத்தா, அது நாளைக்கு லீக் கைக்குப் போகும். ரெண்டு புள்ளி போச்சு, கோப்பையும் போச்சு."

"எங்க வீட்டுல சாப்பாடு போச்சு, மிஸ்டர் கிரிம்ஷா."

"செப்டம்பர் வரைக்கும் பொறுத்துக்க. கோப்பை கைக்கு வந்துடட்டும், எத்தனை கடுதாசி வேணாலும் எழுதித் தரேன். அதுவரைக்கும் வாரா வாரம் கடையில உனக்கு ஒரு பொட்டலம் எடுத்து வைக்கறேன். சாப்ஸ், சாசேஜ், என்ன வேணுமோ. மேசைக்கு அடியில வச்சுத் தரேன், யாருக்கும் தெரியாது."

டோரீன் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அதை நாங்க வாங்கிட்டா அவன் கூலி வாங்கினவன் ஆயிடுவான். அப்புறம் அந்த ஆபீஸ் சொல்றது நிஜமாயிடும். திருடலைன்னு சொல்லிட்டிருக்கறவன் கையில நீங்களே திருட்டுச் சாமானைக் குடுக்கறீங்களா?"

"கோவப்படாத கண்ணு. நம்ம கிளப்புக்காகத்தானே? டீக்கு நேரமாச்சு பாரு." இன்னொரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டு போனார். வெளியே யாரோ நான்கு அடித்திருக்க வேண்டும், கைதட்டல் கேட்டது.

வீட்டுக்கு வந்து க்ளிஃபிடம் சொன்னாள். அவளைத் தூக்கிவாரிப் போட்டது, அவன் கிரிம்ஷா பக்கம் பேசியதுதான்.

"அவரு சொல்றதும் சரிதானே. முப்பத்தொரு வருஷம், டோரீன்."

"உனக்குப் பசிக்கலையா?"

"பசிக்குது. அதுக்காக கிளப்பைக் காட்டிக் குடுக்க முடியுமா? அப்புறம் அந்த கேட்டுக்குள்ள எந்த முகத்தோட போறது? ஆலை போயிடுச்சு. வேலை போயிடுச்சு. பதினோரு மாசமா தினம் காலையில எழுந்து, எங்கேயும் இல்லாத வேலையைத் தேடிட்டு வரேன். 'ஆளு வேணாம்'னு சொல்லக்கூட இப்ப ஆளு இல்ல, பலகை மாட்டியிருக்கான். சனிக்கிழமை ஒண்ணுதான் பாக்கி இருக்கு. அதையும் விட்டுடச் சொல்றியா?"

"நீ காட்டிக் குடுக்க வேணாம். அவங்க உன்னைக் காட்டிக் குடுத்தாச்சு."

அவன் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு போய் நின்றான். அவன் முதுகைப் பார்த்தபடி டோரீன் கணக்காக யோசித்தாள். அவளுக்கென்று டோல் வாங்க வழி இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழாது. இருபத்திரண்டு வருஷம் தறியில் நின்றவள் அவளும்தான். ஆனால் கல்யாணத்துக்கு அடுத்த திங்கட்கிழமை மேஸ்திரி ஒரு தாளை நீட்டினார். கல்யாணமான பெண்களுக்கு 'சின்ன ஸ்டாம்ப்' என்ற குறைந்த காப்பீட்டுச் சந்தா. சம்பளத்தில் பிடிப்பது குறையும், வேலை போனால் உதவித்தொகை கிடையாது. "புருஷன் இருக்கான்ல, உனக்கெதுக்கு?" என்றார். எல்லாப் பெண்களும் போட்டார்கள், அவளும் கையெழுத்துப் போட்டாள். ஒரே ஆலை ஒரே நாளில் இருவரையும் வெளியே அனுப்பியபோது, வேலை இழந்தவன் என்று பதிவானது க்ளிஃப் மட்டும்தான்.

கிரிம்ஷாவிடம் எழுத்து கிடைக்காது. க்ளிஃபிடம் வார்த்தை கிடைக்காது. உதவித்தொகையை நிறுத்தியதற்கு எதிராக மேல்முறையீடு செய்யக் கடைசி நாள் ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி. வெள்ளிக்கிழமை காலை அவள் தனியாக டோல் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றாள். பெரும்பாலும் ஆண்கள். கால்பந்து பற்றிய பேச்சு வரிசையோடு வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தது. புது சென்டர் ஃபார்வர்டின் முழங்கால் சரியில்லை என்று ஒருவர். முழங்கால் சரியாக இருந்தால் அவன் ஏன் இந்த ஊருக்கு வருகிறான் என்று இன்னொருவர்.

"மிசஸ் என்ட்விசில், உங்க வீட்டுக்காரரோட கடுதாசி கொண்டாந்தீங்களா?" என்றான் ப்ரையன்.

"இல்ல. நான் எனக்குப் பதிய வந்தேன்."

"உங்களுக்கா? நீங்க சின்ன ஸ்டாம்ப் ஆச்சே."

"தறி வேலைக்கு இல்ல. நான் இன்னொரு வேலை பாக்கறேன், நாளையில இருந்து அதை விடறேன். எழுதிக்க. கால்டர்ஷா கிரிக்கெட் கிளப், சமையலறை. பத்தொன்பது வருஷம். சனிக்கிழமை காலை பத்து மணியில இருந்து ராத்திரி ஏழு வரைக்கும்."

ப்ரையன் சிரித்தான். "சம்பளம் எவ்வளவு வாங்கினீங்க?"

"ஒண்ணும் வாங்கல."

"அப்ப அது வேலையே இல்லீங்களே!"

"அப்படியா? எனக்கு விவரம் பத்தாது. நான் வாங்கலன்னு உனக்கு எப்படித் தெரியும்? கிளப்புல இருந்து கடுதாசி வேணாமா?"

"இதுக்கெதுக்குங்க கடுதாசி? ஊருக்கே தெரியுமே."

"அப்படின்னா என் மனுவை மறுக்கறேன்னு எழுதிக் குடு. காரணத்தோட. மனு குடுத்தவங்களுக்குக் காரணம் எழுதித் தரணும்னு உங்க சுவத்துலதானே ஒட்டியிருக்கு?"

இல்லை என்பதை எழுதிக் கொடுக்க அந்த அலுவலகம் ஒருநாளும் தயங்கியதில்லை. ப்ரையன் நீல நிறப் படிவம் ஒன்றை இழுத்து, நன்றாகப் பழகிய கையால் மளமளவென்று எழுதினான். மனுதாரர் மேற்படி கிளப்பில் ஆற்றிய பணிக்கு ஊதியம் பெறவில்லை என்பது பொதுவாக அறியப்பட்டது. ஊதியமற்ற பணி வேலையாகக் கருதப்படாது. முத்திரை குத்திக் கையெழுத்திட்டு, கண்ணாடிக்கு அடியில் தள்ளினான்.

டோரீன் நின்றபடியே ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

"இதுக்கு ஒரு நகல் எடுத்து க்ளிஃப் ஃபைல்ல வச்சிடு, ப்ரையன். அதே கிளப். அதே சனிக்கிழமை. அவனும் வாங்கலன்னு அன்னிக்கு கிரவுண்டுல இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். நான் மேல்முறையீட்டுக்கு இதைத்தான் அனுப்பப் போறேன்."

ப்ரையனின் கை பாதி வழியில் நின்றது. படிவத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளப் பார்த்தான். அவள் விரல்கள் அதன்மேல் இருந்தன. வரிசையில் கால்பந்துப் பேச்சு நின்றுவிட்டது.

"டோரீன்," என்றான். மிசஸும் 'ங்க'வும் போய்விட்டன. "அது வேற, இது வேற."

"என்ன வேற? அவன் கிரவுண்டுல நின்னான். நான் சமையக்கட்டுல நின்னேன். அவனைவிட நான் ரெண்டு மணி நேரம் அதிகமா நின்னேன்."

"அவன் ஆடினது ஆட்டம். ஆட்டம் ஆடறவனுக்கு எவனாவது காசு குடுத்திருப்பான்னு சந்தேகம் வரும். அது நியாயம். டீ போடற பொம்பளைக்கு எவன் காசு குடுப்பான்?"

டோரீன் படிவத்தைத் திருப்பி, எழுதாத பின்பக்கம் மேலே தெரியும்படி கண்ணாடிக்கு அடியில் மறுபடியும் உள்ளே தள்ளினாள். ஒரு முனையை மட்டும் விடவில்லை.

"அதையும் எழுது," என்றாள்.