பாதிக் குளியல்

குளியலறைக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மீட்டர்காரர் எழுந்து வந்து, கதவுக்கு வெளியே சுவரில் இருந்த ஹீட்டர் சுவிட்சை டக்கென்று அணைத்தார். சிவப்பு விளக்கு அணைந்துவிட்டதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். திரும்பப் போய் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். தினமும் செய்கிற வேலைதான். பல் தேய்க்கும்போது யாராவது யோசிப்பார்களா? கை தானாகப் போகும், அணைக்கும், வந்துவிடும். முதல் பக்கத்தில் பாதியைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். சமையலறையிலிருந்து ஈரக் கையோடு மனைவி வந்து எதிரே நின்றாள்.

இவள் இங்கே நிற்கிறாள் என்றால் உள்ளே குளிப்பது யார்?

"ஹீட்டரை அணைச்சீங்களா?"

"ஆமா."

"உள்ள அக்கா இருக்கா."

"ஐயையோ, நீதான் குளிக்கிறேன்னு நெனச்சுட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. தப்பித்துக்கொள்ளச் சொன்ன பேச்சு, செய்த காரியத்தைவிடக் கேவலமாக இருந்தது. மனைவி கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு இவரும் கொஞ்சம் கத்தியிருப்பார், கணக்கு நேராகியிருக்கும். அவள் கோபப்படவில்லை. "நான்னு நெனச்சீங்க. சரி," என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு போய்ச் சுவிட்சை மறுபடி போட்டாள். அதற்குள் உள்ளே தண்ணீர் சத்தம் நின்றுபோயிருந்தது.

நல்ல குளிர்காலம். தரையில் வெறுங்காலை வைத்தால் சுரீரென்று இழுக்கும். அந்த ஹீட்டரோ தண்ணீரைச் சுட வைத்துப் பிடித்து வைக்கிற பெரிய ரகம் இல்லை. ஓடுகிற தண்ணீரைச் சூடாக்கி அனுப்புகிற சின்னப் பெட்டி. அணைத்தால் கொஞ்ச நேரத்தில் குழாயில் பச்சைத்தண்ணீர்தான் வரும். கதவு திறந்து மனைவியின் அக்கா வெளியே வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. எழுபதைத் தாண்டிய உடம்பு நடுங்குவதைத் துண்டால் மறைத்துக்கொண்டு, "தண்ணி நல்லா இருந்துச்சு பாப்பா," என்று தங்கையிடம் சொன்னாள். அறுபத்துநாலு வயதிலும் அக்காவுக்கு இவள் பாப்பாதான். பாப்பா அக்காவின் காதுக்குப் பின்னால் அலசப்படாமல் நின்ற சோப்பு நுரையைத் துண்டின் நுனியால் துடைத்துவிட்டாள். மீட்டர்காரர் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். ஒரு எழுத்தும் கண்ணில் படவில்லை.

அவர் வேலையில் இருந்த காலம் முழுக்க வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதியவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவருக்கு அதே பெயர்தான். அந்த நாளில் சில வீடுகளில் வயதானவர்கள் இவர் பின்னாலேயே வந்து நிற்பார்கள். இவர் எழுதுவதை எட்டிப் பார்ப்பார்கள். "இவ்வளவா ஓடியிருக்கு? சரியா பாருங்க தம்பி," என்பார்கள். உள்ளே ஒரே ஒரு அறையில் விளக்கு எரியும், மற்றதெல்லாம் இருட்டாகக் கிடக்கும். வெளியே வந்து கூட்டாளிகளிடம் அவர்களைப் போலவே குரலை நடுங்க வைத்துப் பேசிக் காட்டிச் சிரிக்க வைப்பார். அப்போது கை தாராளம். டீக்கடையில் இவர் இருந்தால் வேறு யாரும் பர்சைத் தொட முடியாது.

ஓய்வு பெற்ற அன்றைக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த மறுவாரம் பயம் வந்து சேர்ந்தது. பென்ஷன் வருகிறது, வராமல் இல்லை. ஆனால் அது நின்ற இடத்திலேயே நிற்கிற பென்ஷன். விலைவாசி அப்படியா நிற்கிறது? அவருடைய அப்பா தொண்ணூறைத் தாண்டி இருந்தவர், பாட்டி அதற்கும் மேல். குடும்பத்தில் எல்லாருக்கும் கெட்டி ஆயுசு. மற்றவர்கள் செத்துப்போவோமே என்று பயப்பட்டால், இந்த மனிதர் சாகாமல் இருந்துவிடுவோமோ என்று பயந்தார். பணம் முதலில் தீர்ந்து, தாங்கள் இரண்டு பேரும் மிச்சமாகிவிட்டால்? மகனிடம் போய் நிற்பதா? அவனே வீட்டுக் கடனில் மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறான். அதனால் ஒவ்வொன்றாகக் குறைத்தார். முதலில் டீக்கடை, பிறகு பேருந்து, பிறகு வீட்டுக்குள் விளக்கு. கடைசியாக இந்த ஹீட்டர். "நீ அணைக்க மறந்துடுற, நானே பாத்துக்கறேன்," என்று ஒரு நாள் ஆரம்பித்தது. வர வர, அவள் குளித்து முடிப்பதற்கு முன்பே அணைக்கிற வழக்கமாகிவிட்டது.

அவளுக்குத் தெரியாது என்று அவர் நினைத்தாரா? இல்லை, தெரியும். சுவிட்ச் டக்கென்ற சற்று நேரத்தில் உள்ளேயிருந்து 'ஸ்ஸ்' என்று ஒரு மூச்சு இழுக்கிற சத்தம் வரும். காது நன்றாகத்தான் கேட்கிறது அவருக்கு. குளிக்கும்போது யார்தான் சத்தம் போடுவதில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு பேப்பருக்குப் போய்விடுவார். அவளும் ஒரு நாள்கூட வாய் திறந்து கேட்டதில்லை. கேட்காததால் சம்மதம் என்று வைத்துக்கொண்டார். அவருடைய வசதிக்கு எது தோதோ அதை வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அக்கா சும்மா விருந்துக்கு வந்தவள் இல்லை. வீட்டுக்காரர் போன பிறகு தனியாக இருந்தவள். முதியோர் இல்லத்தில் இடம் பார்த்து வைத்திருக்கிறேன், வந்து சேர் என்று அவளுடைய மகள் நச்சரித்துக்கொண்டிருந்தாள். "அதுக்கு முன்னாடி பாப்பாகூட கொஞ்ச நாள் இருந்து பாக்கறேன். ஒத்து வந்தா அங்கேயே இருந்துடறேன்," என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். பின்னறையை மனைவி ஒரு மாதமாகத் துடைத்துத் துடைத்து வைத்தாள். அக்கா வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. தன் மனைவி இப்படி மூச்சு வாங்கச் சிரிப்பாள் என்பதே மீட்டர்காரருக்கு மறந்துபோயிருந்தது. இனி மிச்ச நாளெல்லாம் அக்காவும் தங்கையும் ஒன்றாக இருக்கலாம் என்று அவள் உயிரையே வைத்திருந்தாள். அண்ணி என்று அவர் கூப்பிடும் அந்த அக்கா வந்தால் வீட்டுச் செலவில் பாதியைக் கொடுப்பாள் என்று இவரும் மனதுக்குள் கூட்டிப் பார்த்திருந்தார். அதை இப்போது நினைத்தால் அவருக்கே கூசியது.

அன்றைக்கு நாள் முழுக்க அவர் தாராளப் பிரபு வேஷம் கட்டினார். பட்டப்பகலில் கூடத்து விளக்கைப் போட்டார். "அண்ணி, டிவி பாருங்க. குளிருக்கு ஃபேன் ஹீட்டர் எடுத்து வைக்கட்டுமா?" என்று சுற்றிச் சுற்றி வந்தார். "எதுக்கு தம்பி, வேணாம்," என்று அண்ணி சிரித்தாள். அவர் அந்தப் பக்கம் போனதும் எழுந்து விளக்கை அணைத்தாள். சாயங்காலம் அவர் பின்னறையை எட்டிப் பார்த்தபோது, விளக்குப் போடாமல், ஜன்னலோரம் கிடைத்த வெளிச்சத்தில் புத்தகத்தைக் கண்ணருகே பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள். இரவல் வீட்டில் இருக்கிறவள் மாதிரி இருந்தது. அவர் முன்பு சிரித்த அந்தக் கிழவர்களின் வீடு இதுதான் என்று அவருக்குத் தோன்றியது. இப்போது மீட்டரை எட்டிப் பார்க்கிறவர் அவர்தான்.

மறுநாள் காலையில் ஒரு முடிவோடு எழுந்தார். அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டுவிடுவது. வெறுங்கையோடு போனால் வாய் வராது என்று தானே காபி போட்டு எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நீ பண்ண தப்பு என்னன்னா, முதல்ல சோப்பைப் போட்டுட்ட," என்று மனைவி அக்காவுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். "தலையை முதல்ல அலசிடணும். அது ஆனதும் பக்கெட்டுல சுடுதண்ணியைப் புடிச்சு வெச்சுக்கணும். அப்புறம் அந்த டக்குங்கற சத்தம் வந்தா வரட்டும், நமக்கென்ன? குழாயை மூடிட்டு பக்கெட்டுல இருக்கறதை வெச்சுக் கடைசி வரைக்கும் ஓட்டிடலாம். கொஞ்சம் ஆறிப்போயிருக்கும், அவ்வளவுதான்."

"பலே ஆளுடி நீ," என்று அக்கா சிரித்தாள். இவளும் சிரித்தாள். பிறகு அக்காவின் சிரிப்பு மட்டும் நின்றது. "பாப்பா, எத்தனை வருஷமாடி இப்படி?"

"விடுக்கா. அவர் கெட்டவர் இல்ல. பயம். பயந்து போயிருக்கறவங்களை என்ன பண்ண முடியும்? சண்டை போட்டா பயம் போயிடுமா?"

அவர் பின்வாங்கியபோது கோப்பை தட்டில் இடித்துக் கடகடவென்றது. உள்ளே பேச்சு சட்டென்று அடங்கியது. வந்தவழியே திரும்பிப் போய், காபியைச் சமையலறைத் தொட்டியில் கொட்டினார். கொட்டுகிறோமே என்ற நினைப்புகூட அப்போது வரவில்லை. தன்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். பேசாமல் இவ்வளவு ஏற்பாடு செய்து வாழ்ந்திருக்கிறாள். கன்னத்தில் அறைந்திருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அண்ணி பேச்சை எடுத்தாள். "நாளைக்குக் கிளம்பறேன் பாப்பா. மகள் போன் பண்ணா. அந்த இல்லத்துல இடம் காலியாம்."

"சரிக்கா," என்றாள் மனைவி. தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மீட்டர்காரருக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "அண்ணி, நீங்க போகக் கூடாது. தப்பு முழுக்க என்னுது. இவமேல கோபப்பட்டுட்டுப் போகாதீங்க. எனக்கு... எனக்கு வெக்கமா இருக்கு அண்ணி. உங்க மூஞ்சியப் பாக்க முடியல."

அண்ணி சாப்பிடுவதை நிறுத்தினாள். நிதானமாகத்தான் பேசினாள். "பச்சைத்தண்ணியில குளிச்சா நான் ஒண்ணும் செத்துப்போயிட மாட்டேன் தம்பி. நான் அதுக்காகப் போகல. இவ இப்படி இருக்கறதப் பாத்துக்கிட்டு என்னால இங்க இருக்க முடியாது. என்கூட வந்துடுடின்னு கூப்பிட்டேன். ரெண்டு பேருக்கும் அங்க இடம் இருக்கு. வரமாட்டேன்னுட்டா."

அவர் மனைவியைப் பார்த்தார். கூப்பிட்டாளா? இவள் மாட்டேன் என்றாளா? சந்தோஷப்படுவதா, தலையைத் தொங்கப்போடுவதா என்று புரியவில்லை. "இனிமே அணைக்க மாட்டேன்," என்று ஸ்கூல் பையன் மாதிரி சொன்னார். "சத்தியமா அணைக்க மாட்டேன்." மனைவி எழுந்து, அவருக்கு இன்னும் கொஞ்சம் பரிமாறிவிட்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை அண்ணியின் பெட்டி கூடத்தில் நின்றது. வண்டி வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. வழியனுப்ப ரயில் நிலையம் வரை போக வேண்டும் என்று மனைவி முதலில் குளிக்கப் போனாள். மீட்டர்காரர் ஓடிப்போய்த் தன் கையால் ஹீட்டரைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. "மெதுவா குளி! அவசரமே இல்ல!" என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னார். நாற்காலிக்குப் போகவில்லை. அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். வேண்டுமட்டும் ஓடட்டும், மீட்டர் சுற்றிச் சுற்றித் தேயட்டும், இன்றைக்கு இவள் குளிர் விடுகிற வரைக்கும் குளித்துவிட்டுத்தான் வர வேண்டும். இதை அண்ணியும் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. பார்த்துவிட்டு மனசு மாறி, பெட்டியை மறுபடி பின்னறைக்குக் கொண்டுபோனாலும் போகலாம்.

உள்ளே தண்ணீர் கொட்டியது. பிறகு பக்கெட்டில் நிறைகிற சத்தம் வந்தது. பிறகு குழாயை இறுக்கி மூடுகிற சத்தம்.

அவர் கதவருகே போனார். "நான் அணைக்கலையே! லைட்டு எரியுது பாரு. சுடுதண்ணி வருது, திற."

குவளை பக்கெட்டில் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு குவளை. இன்னொரு குவளை. ஆறிக்கொண்டிருக்கிற தண்ணீரை அவள் பழகிய கையால் அளந்து அளந்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இவளே! கேக்குதா? குழாயைத் திறன்னு சொல்றேன்."

"எனக்கு ஆச்சுங்க," என்றாள் உள்ளேயிருந்து. "நீங்க அணைச்சுடுங்க."

யாருக்கும் உபயோகமில்லாமல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவருடைய கை தானாக எழுந்து சுவிட்சை நோக்கிப் போனது. பின்னால் ஏதோ அரவம் கேட்டுத் திரும்பினார். அடுத்துக் குளிப்பதற்காகத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணி நின்றிருந்தாள். அவள் கண் சுவிட்சின் மேல் இருந்த விரலைப் பார்த்தது. பிறகு சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

"இல்ல அண்ணி, அவதான் அணைக்கச் சொன்னா..." என்றார் மீட்டர்காரர். அண்ணி தலையை ஆட்டினாள். விரலைச் சுவிட்சிலிருந்து எடுக்கவும் வரவில்லை, அழுத்தவும் வரவில்லை. சிவப்பு வெளிச்சம் நகத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தது.