கீழ்த்தொட்டிப் பாசி

கரமனை அக்ரகாரத்தில் நாகேஸ்வரன் வீட்டு மீன்தொட்டிக்கு அடியில் வளர்ந்த பாசி, ஆறு வருஷம் அவர் மனைவி சுப்புலக்ஷ்மியின் துக்கத்தைத் தின்று வளர்ந்தது. தெருவுக்கு இது பிற்பாடுதான் தெரிந்தது. தெரிந்தபோதும் யாரும் பெரிதாக வியக்கவில்லை. கடலை வீட்டுக்குள் கொண்டுவந்தால் இப்படி ஏதாவது நடக்கும் என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

தொட்டி வந்தது 1998இல். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் அவர்களுடைய ஒரே மகள் சுப்ரியா, ஐந்து வயதில், காய்ச்சலில் போய்விட்டிருந்தாள். சுப்புலக்ஷ்மி அரிசி களையும்போது அழுதாள், கோலம் போடும்போது அழுதாள், பசி எடுத்தால் பசி எடுத்ததற்காக அழுதாள். நாகேஸ்வரனுக்கு அழ வரவில்லை. ஆபீஸ் விட்டு வந்து கண்ணாடியும் பசையுமாக உட்கார்ந்தார். விழிஞ்ஞத்து மீனவர் யோசுவா கேன்களில் கடல்தண்ணீரும் பவளம் ஒட்டிய கல்லும் கொண்டுவந்து இறக்கினார். "எந்தாக்கும் ஓய், மீன் வளர்த்துக் கறி வைக்கப் போறேளா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டதற்குத் தெருவே சிரித்தது.

கடல்தொட்டியின் கஷ்டம் மீனுக்குத் தீனி போடுவதில் இல்லை. போட்ட தீனி என்ன ஆகிறது என்பதில்தான் இருக்கிறது. மீன் மிச்சம் வைத்ததும் கழித்ததும் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரில் கரைந்து சேரும். பார்வைக்குத் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். பவளம் மட்டும் நாளுக்கு நாள் சுருங்கும். நாகேஸ்வரன் பெரிய தொட்டிக்கு அடியில் ஒரு சின்னத் தொட்டி வைத்து, விழிஞ்ஞத்துப் பாறைகளில் பச்சைத் திராட்சை போலக் கொத்துக்கொத்தாய்த் தொங்கும் பாசியை அதில் வளர்த்தார். மேல்தண்ணீர் கீழே இறங்கி, பாசிக்குள் நுழைந்து, மோட்டாரில் மறுபடி மேலே ஏறும். கரைந்த கசடையெல்லாம் பாசி உறிஞ்சித் தன் உடம்பாக்கிக்கொள்ளும். வாரம் ஒரு தரம் வளர்ந்ததை வெட்டி வெளியே எடுத்துவிட வேண்டும். வெட்டாமல் விட்டால் ஒருநாள் அது வெளுத்துப்போய், தின்றதையெல்லாம் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும்.

பாசி வேர் பிடித்த மாதமே சுப்புலக்ஷ்மியின் அழுகை நின்றது. முதலில் அது பழவங்காடிப் பிள்ளையார் கொடுத்தது என்று நினைத்துத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். பிறகு ஒருநாள் மகளின் படத்தைத் துடைக்கும்போது, காலண்டரில் இருக்கும் யாரோ ஒரு குழந்தையைத் துடைப்பது போலத் தன் கை அசைவதைக் கவனித்தாள். முகம் தெரிந்தது. குரல் வரவில்லை. நெஞ்சுக்குள் தேடிப் பார்த்தாள்; சாமான்களை வெளியேற்றிக் கழுவிவிட்ட அறை போல இருந்தது அது. பெற்ற வயிறா இது என்று தன்னையே வெறுத்தாள். தான் கல்லாகிவிட்டதை அவரிடம் சொன்னால் அவர் தாங்கமாட்டார் என்று மறைத்தாள். வருஷா வருஷம் குழந்தை போன நாளில், அவர் பார்க்கட்டும் என்று, புடவைத் தலைப்பால் கண்ணைத் தேய்த்துச் சிவக்க வைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவர் பார்த்தார்.

மேல்தொட்டியில் பவளங்கள் கைவிரல்களைப் போல விரிந்து ஆடின. ஞாயிற்றுக்கிழமைகளில் நாகேஸ்வரன் கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு பாசி வெட்டினார். வெட்டியதை, தொட்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்குப் பிளாஸ்டிக் கவரில் கொடுத்தனுப்பினார். மிஞ்சிய பாசியை இப்படிப் பங்கிட்டுக்கொள்வது அவர்களுக்குள் வழக்கம்.

2004இல், பேட்டையிலிருந்து ரத்னாபாய் என்ற டீச்சர் வீட்டுக்கு வந்தாள். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். வாசலில் நின்றபோதே அழுதுகொண்டிருந்தாள்.

"எக்கா, எனக்க வீட்டுக்காரரு உங்க சார்கிட்டேருந்து பாசி வாங்கிட்டு வந்தாரு. அன்னேலேருந்து அழுதுட்டே கிடக்கேன். எனக்குப் பிள்ளையே கிடையாது. ஆனா ஒரு பொம்பளப் பிள்ளை கண்ணுக்குள்ள நிக்குது. காதுக்குக் கீழ மச்சம். தோசை நடுவுல ஓட்டை போட்டு, அதுவழியா என்னைப் பாத்துச் சிரிக்குது."

சுப்புலக்ஷ்மிக்குத் தோசையும் நினைவில் இல்லை, ஓட்டையும் நினைவில் இல்லை. முதலில் அவளுக்குள் எழுந்தது பொறாமை. "எந்தக் காது?" என்று கேட்டாள். ரத்னாபாய் தன் காதைத் தொட்டுக் காட்டினாள்.

சாயங்காலம் நாகேஸ்வரன் செருப்பைக் கழற்றும்போதே சுப்புலக்ஷ்மி கேட்டுவிட்டாள். "நேக்குத் தெரியாம நடந்துதுன்னு மாத்திரம் சொல்லிடாதீங்கோ."

அவர் சுவரைப் பார்த்தார். "மொதல் தடவை வெட்டினபோதே தெரிஞ்சுடுத்து. கையெல்லாம் அவ தலை எண்ணெய் வாசனை. ஆனா நீ சாப்பிட ஆரம்பிச்சுட்டே, சுப்பு. தூங்க ஆரம்பிச்சுட்டே. நான் எப்படிச் சொல்லுவேன்?"

"வெட்டினதைத் தூக்கிப் போட்டிருக்கலாமே?"

"வீசிக் களைய மனசு வரல்லை."

"வாராவாரம் கதவைச் சாத்திண்டு நீங்கோ மட்டும் அவளைப் பாத்திண்டிருந்தேள். நான் கண்ணைத் தேச்சுண்டு வந்து நின்னேனே, அதையும் பாத்திண்டிருந்தேள்."

துக்கத்தை எடுத்ததைக்கூட அவள் மன்னித்திருப்பாள். தன்னைக் கல் என்று தானே ஏசிக்கொண்ட அத்தனை வருஷங்களிலும், இல்லையடி என்று ஒரு வார்த்தை சொல்லாமல், பக்கத்துப் பாயில் அவர் படுத்திருந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பாசி வெட்டும் கத்திரியைக் கிணற்றில் போட்டாள். கீழ்த்தொட்டி தன் பொறுப்பு என்றாள். பவளம் போய்விடும், மீன் போய்விடும் என்று அவர் கெஞ்சினார். "போறதுக்கு முன்னாடி கடல்ல கொண்டுபோய் விடுங்கோ" என்றாள். யோசுவா வந்து மீனையும் பவளத்தையும் விழிஞ்ஞத்துக்கே எடுத்துப்போனார். பாசி கீழ்த்தொட்டியை நிறைத்து, குழாய் வழியே மேலேறி, மேல்தொட்டியையும் நிறைத்தது. ஒரு காலை அது கண்ணாடிபோல வெளுத்தது. மத்தியானத்துக்குள் தண்ணீர் பச்சைப்பால் போலக் கலங்கியது.

சுப்புலக்ஷ்மி ஆறு வருஷத்தையும் ஒரே மூச்சில் அழுதாள். அந்த வாரம் தெருக்கோடி வரை கிணறுகளில் உப்பு ஏறியிருந்தது. எல்லா வீடுகளிலும் உப்புப் போடாமலே சமைத்தார்கள், ருசி சரியாகவே இருந்தது. பாசி வாங்கிப்போனவர்கள் ஒவ்வொருவராகக் கவரில் திருப்பிக் கொண்டுவந்து தொட்டியில் கொட்டினார்கள். ரத்னாபாய் கடைசியாக வந்தாள். கொட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் கையைத் துடைக்காமல் நின்றாள். "நல்ல பிள்ளையாக்கும்" என்றாள். காப்பி குடித்துவிட்டுப் போனாள்.

தொட்டி இன்றும் கூடத்தில் கலங்கிய பச்சையாக, மீனில்லாமல் நிற்கிறது. அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள். அழுகை வந்தால் அழுகிறாள், சிரிப்பு வந்தால் சிரிக்கிறாள். கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவர் ஒருமுறை, தொட்டியில் என்ன என்று கேட்டார். மகள் என்றாள். அவர் தலையாட்டிவிட்டு ரீடிங்கை எழுதிக்கொண்டு போனார்.

பாசிதான் நாகேஸ்வரனிடம் மகளைக் கொண்டுவந்தது. பாசி போனதும் அவருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கையை முகர்ந்து பார்த்தால் சோப்பு வாசனைதான் வந்தது. சில நாள் பூஜை முடிந்து வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு, தணிந்த குரலில் கேட்பார்.

"சுப்பு, எந்தக் காதுக்குக் கீழடி மச்சம்?"

"காப்பி ஆறிண்டிருக்கு" என்பாள் அவள்.