அருகில் ஆட்டக்காரர் யாரும் இல்லை

பிரியப் போகிற தம்பதிகளுக்குச் சமரசம் பேசித் தருவதுதான் எங்கள் அலுவலகத்தின் பிழைப்பு. மனைவி முன்கூடத்தில் இருப்பார். கணவர் பின்வாசல் வழியாக வந்து உள்ளறையில் உட்காருவார். நடுவறையில் எங்கள் மத்தியஸ்தர். ஒருவர் முகத்தில் இன்னொருவர் விழிக்காமல் பார்த்துக்கொள்வது, வரவேற்பில் இருக்கும் என் தலையில் விடிந்த வேலை.

போன மாதம் ஒரு கணவர் உள்ளறையில் சும்மா இராமல், எங்கள் வைஃபையில் கைபேசியை நோண்டி, அலுவலகக் கணினியில் இருந்த கோப்பைத் திறந்துவிட்டார். மனைவி எதுவரை இறங்கி வருவார் என்று மத்தியஸ்தர் குறித்து வைத்திருந்த கோப்பு. பேச்சுவார்த்தை ஊத்திக்கொண்டது. மத்தியஸ்தர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். மறுநாளே நெட்வொர்க்காரர் வந்துவிட்டார்.

"வர்றவங்களுக்குத் தனி வைஃபை போட்டுட்டேன் மேடம். அவங்களுக்கு இன்டர்நெட் வரும். ஆபீஸ் கம்ப்யூட்டர், பிரிண்டர் எதுவும் கண்ணுல படாது. அவங்க போன்கூட ஒண்ணுக்கொண்ணு தெரியாது."

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் அதே வைஃபைல இருந்தாலுமா?"

"ஒரே சோபாவுல இருந்தாலும் தெரியாது."

இருவரும் சிரித்தோம். அவர் வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அதற்கு அடுத்த நாள், வாராவாரம் வரும் வேறொரு குடும்பத்தின் முறை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் மகளையும் அம்மா கூட்டி வருவார். அந்தச் சிறுமி முன்கூடத்து மூலையில் டேப்லெட்டும் கையுமாக உட்கார்ந்து, தனக்குத்தானே கிளுக்கென்று சிரித்துக்கொள்வாள். ஏதோ கார்ட்டூன் என்று அவள் அம்மாவைப் போலவே நானும் நினைத்திருந்தேன்.

அம்மாவை நடுவறைக்கு அனுப்பிவிட்டு, உள்ளறையில் இருந்த அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுபோனேன்.

"வைஃபையை மாத்திட்டீங்களா மேடம்?"

"ஆமா சார். உங்களுக்கு நெட் வரலையா?"

"நெட் வருது. என் பொண்ணு வரல."

விஷயம் இதுதான். வீட்டில் ஒன்றாக இருந்த காலத்தில் அவர் மகளுக்கு ஒரு பரமபத விளையாட்டைப் போட்டுக் கொடுத்திருந்தார். அது இன்டர்நெட்டுக்குப் போகாது. ஒரே வைஃபையில் இருப்பவர்களை மட்டும் கண்டுபிடித்துச் சேர்த்துவிடும். இங்கே வாராவாரம் சுவருக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் மகள்.

பேச்சு முடியும்வரை குழந்தையோடு தொடர்பு கூடாது என்பதற்கு அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"பேசக்கூடாதுன்னுதான் போட்டிருக்கு. வெளையாடக்கூடாதுன்னு இல்லையே," என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

"மத்தியஸ்தர் சார்கிட்ட கேட்டுப் பழையபடி மாத்தச் சொல்லட்டுமா?"

"ஐயோ, வேணாங்க! இது தெரிஞ்சா அவ அம்மா எல்லாத்தையும் முறிச்சிருவா. குழந்தையைக் கண்ணுலயே காட்ட மாட்டா. போன வாரம் ஆட்டம் பாதியில நின்னுச்சு மேடம். இப்ப நான்தான் உருட்டணும். அப்பா ஓடிட்டாருன்னு நெனைப்பா. நான் இங்கதான் இருக்கேன், வைஃபைதான் காரணம்னு அவகிட்ட மட்டும் சொல்லிருங்க."

ஒரு தரப்பின் சேதியை இன்னொரு தரப்புக்குக் கடத்துவது எங்கள் அலுவலகத்தில் மகா பாவம். எனக்கு எல்லார் மேலும் எரிச்சல் வந்தது. திருட்டுத்தனமாக விளையாடிய இந்த மனிதர்மேல், கோப்பை நோண்டிய அந்தப் புண்ணியவான்மேல், சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்து தொலைத்த நெட்வொர்க்காரர்மேல். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

முன்கூடத்தில் அவள் 'தேடு' என்ற பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு முறையும் திரை ஒரே பதிலைச் சொன்னது: 'அருகில் ஆட்டக்காரர் யாரும் இல்லை.'

பக்கத்தில் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னேன். "பாப்பா, அப்பா உள்ளதான் இருக்காரு. நாங்க வைஃபையை மாத்திட்டோம். அதனாலதான் தெரியல. அவர் மேல தப்பே இல்லடா."

அவள் கோபப்படவில்லை, அழவுமில்லை. பெரியவர்கள் பேசும்போது பொறுமையாகக் கேட்கக் கற்றுக்கொண்ட குழந்தை.

"அப்பா வீட்டை விட்டுப் போனப்பவும் அம்மா இப்படித்தான் சொன்னாங்க ஆன்ட்டி. அவர் போன ஊர்ல நெட் இல்ல, அதான் கூப்பிடலன்னு. ஆனா அங்க நெட் இருந்துச்சு."

"இது நெஜமாத்தான்மா."

"பரவால்ல." டேப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்தாள். "வெளையாடப் பிடிக்கலன்னா, பிடிக்கலன்னே சொல்லலாம்ல."

அவளை எழுப்பிக் கூட்டிப்போய் உள்ளறைக் கதவைத் திறந்தால் நம்பிவிடுவாள். நடுவறையில் நாற்காலி நகரும் சத்தமும் அவள் அம்மாவின் குரலும் கேட்டன. நான் தனியாகத்தான் திரும்பினேன்.

என்னைக் கண்டதும் அவர் எழுந்துவிட்டார்.

"சொன்னீங்களா? என்ன சொன்னா?"

"சரின்னு சொன்னா சார்."

அவருக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. "எனக்குத் தெரியும் மேடம்," என்றார். "நான் சொல்லிவிட்டா அவ நம்புவா."