உதடு மட்டும் அசையும் இடம்

"உனக்கு வாயே இல்லையாடி? வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அம்மா ஒரு தடவை பாப்பாவிடம் இப்படிக் கேட்டாள். அம்மாவுக்குக் கையும் காலும் இழுத்துக்கொண்டு, படுக்கையாகிப் போன புதிது. அண்ணன் சுவரில் சாய்ந்தபடியே முடிவு சொல்லிவிட்டான்: "பாப்பா பள்ளிக்கூடத்தை நிறுத்திடட்டும். அம்மாவைப் பார்த்துக்க ஆள் வேணுமில்ல." பாப்பா கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்காகக் கோணிப்போன வாயைத் திறந்து பேசியது அம்மாதான். மறுநாளிலிருந்து புத்தகப் பை பரணில் ஏறிக்கொண்டது. அவள் அம்மாவின் கட்டிலோடு கட்டிலானாள்.

அம்மா போன பிறகுதான் அவளுக்குத் தெருவே கண்ணில் பட்டது. தெருமுனையில் கீழே ஜெராக்ஸ் கடை, மாடியில் வீடியோ ஸ்டூடியோ. அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டுவது, பழைய கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது, வாய் ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமுமாக வருகிற படங்களைச் சரிசெய்வது. கடைசி வேலை அவளுக்குச் சீக்கிரமே கைவந்துவிட்டது. கேட்டால் ஒழியப் பேசாதவள் என்பதால் முதலாளி அவளுக்கு மியூட்டு என்று பெயர் வைத்திருந்தார்.

"மியூட்டு, இந்த மாப்பிள்ளை சிரிச்சு முடிச்சு வாயை மூடின பிறகுதான் சிரிப்பே கேக்குது. பொண்ணு வீட்டுக்காரங்க பார்த்தா, பேய் பிடிச்சவனுக்குக் கொடுத்துட்டோம்னு அழுவாங்க. கொஞ்சம் பாரும்மா."

அவள் பார்ப்பாள். யாராக இருந்தாலும் 'ப'வும் 'ம'வும் சொல்லும்போது உதடு ஒட்டித்தானே ஆகவேண்டும். படத்தில் உதடு ஒட்டுகிற இடத்தைப் பிடித்து, ஒலியில் அந்த எழுத்து கேட்கிற இடத்துக்கு நேராக நிறுத்துவாள். முதலில் ஓரிடம், நடுவில் ஓரிடம், முடிவில் ஓரிடம் என்று சோதித்துப் பார்ப்பாள். எங்கும் ஒரே அளவு தள்ளியிருந்தால், மொத்தத்தையும் நகர்த்தினால் தீர்ந்தது. போகப்போகத் தள்ளிப்போனால், மாற்றும்போது வேகம் பிசகியிருக்கிறது. ஒலியை மெல்ல இழுத்துவிட வேண்டும். அதுவரை ஒழுங்காக வந்துவிட்டு ஏதோ ஓரிடத்தில் திடீரென்று தாவினால் மட்டும், குற்றம் மெஷின்மேல் இல்லை. யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

ஒரு நாள் அண்ணனே மாடியேறி வந்தான். ஸ்டூடியோவுக்குள் அவன் காலெடுத்து வைப்பது அதுதான் முதல் தடவை. சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"அம்மா கடைசியா பேசினது. வர்ற நினைவு நாளுக்குச் சொந்தக்காரங்களை எல்லாம் கூப்பிட்டிருக்கேன். பெரிய டிவியில போட்டுக் காட்டணும். பாதிக்கு மேல வாயும் குரலும் ஒட்டல. நீ என்னமோ பண்ணுவியாமே, பண்ணிக் கொடு."

"அம்மா பேசினாங்களா? எப்போ?"

"நீ மருந்து வாங்கப் போயிருந்தே. சித்திதான் பக்கத்துல இருந்தாங்க."

அந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. பாட்டிலில் பாதி மருந்து இருக்கும்போதே, உடனே போய் வாங்கி வா என்று அண்ணன் விரட்டியிருந்தான். அதுவும் தூரத்துக் கடையில்.

கேமராவை வாசற்பக்கம் ஸ்டூல்மேல் வைத்திருந்தானாம். அம்மாவின் குரல் அங்கே எட்டாது என்று தலையணைக்குப் பக்கத்தில் போனில் தனியாகப் பதிந்தானாம். கேமராவில் வெறும் ஃபேன் இரைச்சல் என்பதால் அதை நீக்கிவிட்டு, போன் ஒலியைத் தானே சேர்த்தானாம்.

"போன்ல இருக்கிற ஒரிஜினல் வேணும் அண்ணா."

"இடம் பத்தலைன்னு எப்பவோ அழிச்சாச்சு. இருக்கிறதை வெச்சுப் பண்ணு."

அவன் போனதும் பாப்பா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். திரையில் அம்மா. தலையணையில் சரிந்த முகம், ஒருபக்கம் இழுத்த வாய். கட்டிலோரம் சித்தி, மடியில் சிறு துண்டு. அந்தக் கோணல் வாயை அவளைப்போலப் படிக்கத் தெரிந்தவர்கள் யாருமில்லை. தண்ணீருக்கு எப்படிக் கோணும், வலிக்கு எப்படிக் கோணும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"பெரியவன் என்னைக் கண்ணுல வெச்சுப் பார்த்துக்கிட்டான்" என்றாள் அம்மா. உதடும் குரலும் தைத்து வைத்தது போல ஒட்டியிருந்தன. அடுத்து, "எல்லாரும் ஒத்துமையா இருங்க. அதுபோதும் எனக்கு" என்றது குரல். உதடு அதைச் சொல்லவில்லை. வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

அவள் முடிவுக்குப் போய்ப் பார்த்தாள். குரல் தன் பாட்டுக்கு முடிந்துவிட, அம்மாவின் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. பின்பகுதிக் குரலை மட்டும் பிடித்து, உதடு ஒட்டும் இடத்துக்குத் தள்ளிப் பார்த்தாள். "அதுபோதும்" என்பதில் 'போ'வுக்கு உதடு சரியாக ஒட்டியது. ஆனால் நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிக்கிற அளவுக்குப் பள்ளம். அங்கே படம் இருந்தது, குரல் இல்லை.

ஒலியில் மட்டும் ஒரு துண்டை எடுத்துவிட்டால், பின்னால் இருப்பதெல்லாம் முன்னால் நகர்ந்துவிடும் என்பது அண்ணனுக்குத் தெரியவில்லை. அதை மெஷின் கோளாறு என்று நினைத்து, பறிகொடுத்தவளிடமே தான் உடைத்த பூட்டை ரிப்பேருக்குக் கொண்டுவந்திருந்தான்.

பறிகொடுத்தது தான்தான் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பள்ளத்தின் தொடக்கத்தில் அம்மாவின் உதடு ஒட்டிப் பிரிந்து, மறுபடி அழுத்தமாக ஒட்டிப் பிரிந்தது. பாப்பா. கட்டிலிலிருந்து எத்தனை வருஷம் கேட்ட அழைப்பு. அந்த அசைவில் அவள் ஏமாற மாட்டாள். அதற்கடுத்த வார்த்தைக்குள் சித்தியின் கை வந்தது. துண்டால் அம்மாவின் வாயைத் துடைத்தது. துடைத்துக்கொண்டே இருந்தது. துண்டுக்கு அடியில் தாடை அசைவது மட்டும் தெரிந்தது. கை விலகியபோது அம்மாவின் கண் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். துண்டு விலகவில்லை. வாழ்த்தினாளா, திட்டினாளா, மன்னிப்புக் கேட்டாளா? திட்டியிருந்தாலும் பரவாயில்லை, அது தனக்கென்று சொன்னதாயிற்றே என்று நினைத்தாள்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "என்ன மியூட்டு, கண்ணு வேர்க்குது?"

"ஒண்ணுமில்ல சார். பழைய படம்."

வீட்டில் அண்ணன் சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டாள். "நடுவுல சவுண்டை எடுத்திருக்கியா?"

"நானா? எனக்கு நகம் வெட்டவே நேரமில்ல."

"அம்மா என் பேரைச் சொல்றாங்க அண்ணா. வாய் தெரியுது."

அண்ணன் கையைத் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். "உடம்பு முடியாதவங்க ஆயிரம் உளறுவாங்க. எல்லாத்தையும் ஊருக்குப் போட்டுக் காட்ட முடியுமா? வாய் அசையுது, சவுண்டு இல்லைன்னா படத்தையும் அங்க வெட்டிடு. ரெண்டும் ஒட்டிக்கும். இதுக்கா ஸ்டூடியோவுல சம்பளம் வாங்குறே?"

அண்ணி உள்ளேயிருந்து, "வீட்டுல இருந்தவரைக்கும் ஊமையா இருந்தா. நாலு படம் ஒட்டினதும் நம்மையே விசாரிக்கறா" என்றாள்.

மறுநாள் ஸ்டூடியோவில் பாப்பா அந்த இடத்தைக் குறித்தாள். வெட்டுவதற்கு ஒரு விரல் அசைந்தால் போதும். படமும் குரலும் ஒட்டிக்கொள்ளும், அண்ணன் மெச்சுவான், வீட்டில் இருக்கிற மூலை நிலைக்கும். அவள் பெயரைச் சொன்ன உதட்டை அவள் கையாலேயே எடுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

அவள் வெட்டவில்லை. பின்பகுதிக் குரலை அதன் இடத்தில் வைத்தாள். பள்ளத்தை அப்படியே விட்டாள். வேறு யாருடைய படமாக இருந்தாலும் அங்கே கொஞ்சம் ஃபேன் இரைச்சலையாவது போட்டு மெழுகியிருப்பாள். இதில் மெழுகவில்லை. முன்கூட்டிப் போட்டுப் பார்க்க அண்ணனுக்குப் பொறுமை இருக்காது என்பது அவளுக்குத் தெரியும். சித்தி வருவாள் என்பதும் தெரியும்.

நினைவு நாளன்று கூடம் நிரம்பியிருந்தது. சித்தி முதல் வரிசை நாற்காலியில், மடியில் கைப்பையை அணைத்தபடி இருந்தாள். அவள் மகன் அண்ணனிடம்தான் வண்டி ஓட்டுகிறான். ஜன்னல் வழியே அவன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

அம்மா பெரிய டிவியில் வந்தாள். "பெரியவன் என்னைக் கண்ணுல வெச்சுப் பார்த்துக்கிட்டான்." பின்னாலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான், அடக்கமாக.

பிறகு குரல் நின்றது. வாய் அசைந்தது.

"சவுண்டு போச்சு போலிருக்கே."

"ரிமோட்டை அமுக்கும்மா."

அண்ணி அமுக்கினாள். சத்தத்தின் அளவு கடைசி வரைக்கும் ஏறியது. அம்மாவின் உதடு இரண்டு முறை ஒட்டிப் பிரிந்தது. சித்தியின் கை வந்தது, துடைத்தது, துடைத்துக்கொண்டே இருந்தது. பிறகு கூடமே அதிரும்படி அம்மா சொன்னாள்: "எல்லாரும் ஒத்துமையா இருங்க. அதுபோதும் எனக்கு." இம்முறை ஒரு எழுத்துகூடத் தவறாமல் உதடும் குரலும் ஒட்டியிருந்தன.

"பழைய வீடியோ, கோளாறு" என்று அண்ணன் எல்லோரையும் பார்த்துச் சிரித்தான்.

"கோளாறு இல்ல" என்றாள் பாப்பா.

தலைகள் திரும்பின. அந்தக் குரலை அங்கே பாதிப் பேர் கேட்டதே இல்லை. கால் கட்டைவிரல் தானாகத் தரையைத் தேடியது. அவள் அதை நிறுத்தினாள்.

"சித்தி, நீங்க பக்கத்துல இருந்தீங்க. அம்மா அங்க என்ன சொன்னாங்க?"

சித்தி அவளைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். அவன் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான், அதில் ஒன்றும் இல்லை. சித்தி ஜன்னலைப் பார்த்தாள்.

"சொல்லுங்க சித்தி. திட்டினதா இருந்தாலும் சொல்லுங்க."

சித்தியின் உதடு ஒட்டியது. பிரியும் என்று பாப்பா காத்திருந்தாள். சித்தி கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்தாள், தன் வாயை ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். எழுந்து, நாற்காலிகளுக்கு நடுவே பக்கவாட்டில் நகர்ந்து, வாசலில் செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டு, படியிறங்கிப் போனாள்.